தின்னிப் பட்டியல்

ஜனவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி சௌக்கியம். இன்னொருத்தி எப்படி இருக்கிறாள் என்பதை நீ மாட்டிவிட்டுப் போன கேமரா சொல்லும். நீயும் உன் மனைவியும் நலமா? உன் முதுகுவலி தேவலையா?

இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவுமா என்று சிரிக்காதே. பேச்சுப் பயிற்சி டீச்சரின் உத்தரவு. வேண்டியவர்கள் கைப்பட எழுதிய கடிதத்தை அம்மாவின் மடியில் வைத்து, வரிக்கு வரி விரல் ஓட்டி, நான் மெதுவாகப் படிக்க வேண்டுமாம். அதனால் கோழி கிளறியது போல எழுதாமல் பெரிய எழுத்தாக எழுது. போனில் நீ சொல்லும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பதை எத்தனை தடவைதான் படித்துக் காட்டுவது?

பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது. கோபம்கூட ஒழுங்காக வருகிறது. வாய்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் வருகிற பேச்சுதான் பேச்சு, அதற்குப் பிறகு வருவது அதிர்ஷ்டம் என்கிறார் டீச்சர். மே மாதக் கடைசி வரைதான் நமக்குக் கெடு.

டீச்சருக்குப் பகலெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. எனக்குக் கண்ணாடிக் கடையில் ஆறு மணி வரை லென்ஸ் தேய்க்கிற வேலை. ஆகவே ஏழு மணிக்குத் திரையில் வருகிறார். வந்து, "என் வாயைப் பாருங்கம்மா" என்று வாயைத் திறக்கிறார். அப்படியே உறைந்துவிடுகிறார். அம்மாவும் பாவம், வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள். அரை நிமிடம் கழித்துப் படம் இல்லாமல் சத்தம் மட்டும் வருகிறது, "இப்ப மூடுங்க" என்று. வாயசைவைப் பார்த்துப் பழக வேண்டியவளுக்கு இப்படி ஒரு பாடம்.

உங்கள் இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். "தாங்கள் அதிகம் பயன்படுத்துவோர் பிரிவில் வருவதால், அனைவரின் நலன் கருதி, மாலை ஆறு முதல் பதினொன்று வரை தங்கள் இணைப்பின் வேகம் சீரமைக்கப்படுகிறது" என்று பதில் வந்தது. சீரமைக்கிறார்களாம். காலை உடைத்துவிட்டு நடையைத் திருத்தினேன் என்கிற கதை. நீ அந்த வேகப் பிரிவில்தானே உட்கார்ந்திருக்கிறாய்? என்னவென்று பார்.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நலம். முதுகுவலிக்குப் புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அம்மா முகம் நேற்று கொஞ்சம் தெளிவாக இருந்தது. நீலச் சால்வை அவளுக்கு நன்றாக இருக்கிறது. இடதுபக்கத் தலையணைதான் சரிந்திருந்தது, கவனி.

வேக விஷயத்தை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் என்று வைத்துக்கொள். எல்லோரும் சாயங்காலம்தான் வாளியோடு வருகிறார்கள். நூறு வீட்டில் ஐந்து வீடு லாரி கொண்டுவந்து நிறுத்தினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அந்த ஐந்து வீட்டைத்தான் நாங்கள் சாயங்காலம் கொஞ்சம் அடக்கி வைக்கிறோம். ஒவ்வொரு திங்களும், போன ஏழு நாள் கணக்கைப் பார்த்துப் புதுப் பட்டியல் போடுகிறோம். ஆபீஸில் அதற்குத் 'தின்னிப் பட்டியல்' என்று பெயர். நான் வைத்த பெயர்தான். மேலதிகாரிகள்கூட இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் நம் வீடு எப்படி வந்தது என்பதுதான் ஆச்சரியம். தினம் ஒரு மணிநேர வீடியோவுக்கெல்லாம் யாரும் தின்னி ஆக மாட்டார்கள். யாரோ உன் லைனைத் திருடுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்று. மேல்வீட்டில் இருக்கிறவர் யார்? எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஊழியர் வீடுகள் பட்டியலில் வராது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் உன் யோசனையின் பலனைக் கேள்.

மேல்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அம்மா விழுந்த அன்று மாடியிலிருந்து ஓடிவந்து தூக்கியவர். அவர் கதவைத் தட்டி, "எங்க லைனை நீங்க யூஸ் பண்றீங்களா?" என்று கேட்டேன். உன் பேச்சைக் கேட்டுக் கேட்டேன். அவர் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். பட்டன் போன். "இதுல எப்படிம்மா திருடுறது? சொல்லிக் குடுங்க, கத்துக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறார். பாஸ்வேர்டையும் மாற்றினேன். உன் கேமராவுக்குப் புதுப் பாஸ்வேர்டு வேண்டுமென்று அடுத்த ஐந்தாவது நிமிடம் உன்னிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு ஜுரம் வந்தபோது வராத வேகம்.

வேகம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். தண்ணீர் லாரி வரைக்கும் சும்மா கேட்டாள். 'தின்னி' என்ற இடத்தில் என் விரலைப் பிடித்து நிறுத்தினாள். அந்தச் சொல்லை மறுபடி படிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். படித்தேன். ஒருவேளைக் கஞ்சியைப் பாதி வைத்துவிடுகிற மனுஷி அவள்.

இன்னொன்று. கொஞ்ச நாளாக இடதுகையைத் தூக்கி அலமாரி மேல் இருக்கும் உன் கேமராவைக் காட்டுகிறாள். ஏதோ சொல்ல வாயைக் கூட்டுகிறாள், வரவில்லை. உன்னைத்தான் கேட்கிறாள் போல. அவள் படுக்கையில் விழுந்த வாரம் நான்கு நாள் வந்தாய், "நான் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்" என்று அதை மாட்டிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அந்த வட்டக் கண்ணாடிதான் அவளுக்கு மகன்.

பட்டியலிலிருந்து இந்த வீட்டை எடு. இத்தனை நாளில் உன்னிடம் நான் கேட்கிற ஒரே உதவி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. அம்மா கேமராவைக் காட்டுகிறாள் என்று படித்ததும் ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். நானும் பார்க்கிறேன், தினம் இரண்டு மூன்று முறை என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். அவளுக்கு நான் தெரிகிறேன் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அதில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

பட்டியலில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் அக்கா வீடு என்பதற்காக எடுத்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பெரிய திட்டத்துக்கு மாறிப் பார். அல்லது டீச்சரை மத்தியானத்தில் வரச் சொல். மத்தியானம் வேகம் பிரமாதமாக இருக்கும்.

மாத்திரை ஏழரைக்குக் கொடுக்க வேண்டியது, நேற்று எட்டு மணிக்குக் கொடுத்தாய். எதைக் குறைத்தாலும் கேமராவை மட்டும் அணைத்துவிடாதே. என் நிம்மதியே அதில்தான் இருக்கிறது.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

மாத்திரை ஏன் எட்டு மணிக்கு என்றால், உறைந்துபோன டீச்சர் உருகி வருவதற்கு நானும் அம்மாவும் ஏழே முக்கால் வரை காத்திருந்தோம். மூலையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லையா?

பெரிய திட்டத்துக்கு மாறினேன். அது பகலில் பெரியது. வீட்டில் அம்மாவும், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவும் தூங்குகிற மத்தியானத்தில் பாய்ந்து வருகிறது. ஏழு மணி ஆனால் பழைய நொண்டிதான். டீச்சரை மத்தியானம் வரச் சொன்னால், ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிற நோயாளிகளை நீ வந்து பார்த்துக்கொள்கிறாயா? ஊருக்கு உபதேசம் செய்யத்தான் உனக்கு அந்தப் புது நாற்காலி போல.

ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. போன திங்கள் வரை ஒரு வாரம், ஏழு நாளும், படம் தெளிவாக வந்தது. டீச்சரின் உதடும் சத்தமும் ஒன்றாக வந்தன. அம்மா உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் உதட்டை மூடித் திறந்தாள். 'மா' என்றாள். டீச்சர் திரையிலேயே கைதட்டினார். மறுநாள் 'பா' வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி எல்லாம் உறைந்தது. அம்மா திரையைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அந்த வாரம் நீதான் ஏதாவது செய்தாயா? செய்திருந்தால் சொல். ஆயுளில் ஒரு தடவை உன்னைப் பாராட்டிவிட்டுப் போகிறேன். இன்னும் இரண்டரை மாதம்தான் இருக்கிறது. முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். அவசரத்தில் டைப் செய்கிறேன், தவறாக எண்ணாதே. பிரிவுக்குத் தலைவராக என்னைப் போட்டுவிட்டார்கள். தின்னிப் பட்டியல் இனி முழுக்க என் பொறுப்பு. தலைக்கு மேல் வேலை. இப்போது வர முடியாது.

அந்த வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. ஏதோ தற்செயல். அம்மா 'மா' என்றது கேட்டு மிக்க மகிழ்ச்சி.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்து. விதி எல்லோருக்கும் ஒன்று என்றாய், அதிகாரம் இல்லை என்றாய். இப்போது அதிகாரமும் வந்துவிட்டது. என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. டைப் அடித்த கடிதத்தை அம்மா கையில் வாங்கினாள். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

உனக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதான்.

நேற்று மத்தியானம், எனக்கு விடுமுறை. அம்மாவுக்கு உடம்பு துடைத்துத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அலமாரியை நோக்கிக் கையை நீட்டினாள். உன்னைக் கேட்கிறாள் என்று உன் போட்டோவை எடுத்துக் கையில் கொடுத்தேன். வீசி எறிந்தாள். கண்ணாடி உடைந்துவிட்டது. வாயைக் கூட்டி, முகமெல்லாம் சிவந்து, "அ... ணை" என்றாள்.

முழுச் சொல், தம்பி. ஐந்து மாதத்தில் முதல் முழுச் சொல். ஓடிப்போய் விளக்கை அணைத்தேன். படுக்கையில் ஓங்கி அடித்தாள். "அணை." மின்விசிறியை அணைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், இப்படி ஒரு மண்டையைப் பெற்றேனே என்கிற பார்வை. மறுபடி அலமாரியைக் காட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக அவள் கேட்டது உன்னை அல்ல. உடம்பு துடைக்கும்போதும், கழிப்புப் பாத்திரம் வைக்கும்போதும், விழித்துக்கொண்டே இருக்கிற அந்தக் கண்ணை மூடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். நானும் உன் ஆறுதலுக்காக அவள் மானத்தை அலமாரியில் ஏற்றி வைத்திருந்திருக்கிறேன். எனக்கே என்னைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நன்றாகத் தூங்குகிறாள். நீ பதினான்கு தடவை போன் செய்தாய். எடுக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

நலம். கேமராவை உடனே போடு. அம்மாவின் பாதுகாப்பு விஷயத்தில் விளையாடாதே. திரும்ப விழுந்தால் யார் பொறுப்பு? அவளுக்கு உடம்பு சரியில்லாததால் ஏதோ சொல்கிறாள், நீயும் கேட்டுக்கொண்டு ஆடுகிறாய். துணி மாற்றும்போது வேண்டுமானால் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள். நான்கு நாளாக எனக்கு வேலையே ஓடவில்லை.

தம்பி


மே 8

தம்பிக்கு,

மூன்றே நாளில் வந்த உன் முதல் கடிதம் கிடைத்தது. பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

கேமராவைப் பிடுங்கியதற்கு அடுத்த திங்கட்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. டீச்சர் வந்தார். வாயைத் திறந்தார், மூடினார். உறையவில்லை. செவ்வாயும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. அதற்கடுத்த திங்களும் போய்விட்டது, இன்னும் நன்றாகவே வருகிறது. அம்மா இப்போது 'தண்ணி', 'வலி', 'போதும்' எல்லாம் சொல்கிறாள். 'போதும்' ரொம்பத் தெளிவு.

லென்ஸ் தேய்க்கிறவளுக்கும் கொஞ்சம் மூளை உண்டு. சனிக்கிழமை மத்தியானம் உங்கள் கம்பெனியின் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். எங்கள் கணக்கைத் திரையில் திறந்து, "உங்க வீட்ல யாரும் அதிகமா பாக்கலம்மா. உங்க வீட்லேர்ந்துதான் டேட்டா வெளிய போயிருக்கு, ராத்திரி பகலா. ஏப்ரல் இருபத்தொண்ணோட நின்னுடுச்சு. கேமரா எதுவும் இருந்துச்சா? ரொம்பத் தெளிவான படத்துல வெச்சிருப்பீங்க" என்றாள். அந்தத் தெளிவை வைத்தது நீ. மாட்டிய அன்று, "அம்மா கண்ணிமை அசையறதுகூடத் தெரியணும்" என்று பெருமையாக வைத்தாய்.

தெரியாமல் செய்துவிட்டான் என்று அந்த நிமிடம் வரை உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இன்னும் கீழே போனாள். "இதை ஏற்கெனவே ஹெட் ஆபீஸ்ல பாத்து நோட் போட்டிருக்காங்களே" என்று படித்தாள். பிப்ரவரி 14. 'கேமரா. நடவடிக்கை தேவையில்லை.' போட்டவரின் பதவியையும் படித்தாள். உன் பழைய பதவி.

'அதில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை' என்று எனக்கு எழுதினாயே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற தாயின் வாயை மறைத்தவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேல்வீட்டு டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, அந்த லைனை எப்படித் திருடுறதுன்னு கடைசி வரைக்கும் நீ சொல்லிக் குடுக்கவே இல்லையே" என்றார். திருடியது யாரென்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

உன் மனைவி நலமா?

அக்கா


மே 23

அக்கா,

என்னைத் திட்டு. தகும்.

பிப்ரவரியில் கணக்கைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. விலக்குக் கேட்டு எழுதினால் காரணம் எழுத வேண்டும். ஒரு வீட்டுக் கேமராவை நாள் முழுக்க யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். என் மேஜையிலிருந்துதான் பார்த்தேன். வேலை செய்கிற திரையின் மூலையில் எப்போதும் அம்மா இருப்பாள், மீட்டிங்கிலும் இருப்பாள். தின்னி என்று பெயர் வைத்தவனே தின்னி என்று தெரிந்தால் அந்த ஆபீஸில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. இவ்வளவு அற்பமான காரணம்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு வாரம் படத்தின் தெளிவைக் குறைத்தேன். அதற்கடுத்த வாரம்தான் உங்களுக்கு வேகம் வந்தது. ஆனால் எனக்கு அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. என்னால் தாங்க முடியவில்லை, பழையபடி ஏற்றிவிட்டேன். ஆபீஸில் சத்தம் வைக்க முடியாது. அவள் 'மா' என்றதும் எனக்குக் கேட்கவில்லை. ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி கையை நீட்டி ஏதோ சொன்னாள். என்னைக் கூப்பிடுகிறாள் என்று திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். திரை இருட்டாகிவிட்டது.

இனி கவலை வேண்டாம். நான்தான் தலைவர். உங்கள் வீட்டையும் ஊழியர் வீடு என்று சேர்த்துவிட்டேன். எவ்வளவு போனாலும் வேகம் குறையாது. ஆகவே கேமராவைத் திரும்பப் போடலாம். அம்மாவிடம் நீயே எடுத்துச் சொல். துண்டு போட்டு மூடி வை, பேசும்போது மட்டும் எடு. இனிமேல் சத்தம் வைத்துக் கேட்பேன். அவள் பேசுவதை நான் ஒரு தடவை கேட்க வேண்டும்.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

ஊழியர் வீடு வேண்டாமென்று உங்கள் கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கேமராவை இதே தபாலில் அனுப்பியிருக்கிறேன். பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன், உடையாது.

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்தேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பதில் தானே சொல்வதாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, வாயைக் கூட்டி, ஒரு மணிநேரம் ஆயிற்று. டீச்சர் திரையில் இருந்தார், குறுக்கே பேசவில்லை. அவள் சொன்னதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். என் சொல் ஒன்றுகூட இல்லை.

நல்லா இருக்கேன். தின்னி நான் இல்ல. பாத்தது போதும். வந்தா பேசுறேன்.